டிக்கெட் கொண்டு போன கோழிக்கால்

“திறம்மா கதவை! உள்ளேதான் இருக்கேன்னு எனக்குத் தெரியும்!”

“அக்கா, மெதுவா. கதவு உடைஞ்சா நம்ம தலையிலதான் விழும்.”

“உடையட்டும்! பூனை வளர்க்கத் தெரியுதில்ல, அதுக்கு வயித்துக்குப் போடத் தெரியாதா? இன்னைக்கும் ஒரு முழுக்கால் போச்சு. இப்பத்தான் எண்ணெயிலேர்ந்து எடுத்து வெச்சேன், ஆவிகூட அடங்கல. வாய் வெந்துபோகுமேன்னுகூட இல்லாம கவ்விக்கிட்டு ஓடுது, கட்டையில போறது!”

மூன்றாம் மாடிக் கதவை ஜல்லிக்கரண்டியால் தட்டிக்கொண்டு நின்றவள் வறுவலக்கா. தரைத்தளத்தில் வீட்டு முன்னறையையே கடையாக்கிக் கோழி வறுத்து விற்கிறவள். பக்கத்தில் நின்று அடக்குவதுபோல ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தவர் டிரைவிங் வாத்தியார். இரண்டாம் மாடி. கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர் என்பதால் எல்லாவற்றுக்கும் ஒரு கால் பிரேக்கிலும் ஒரு கால் ஆக்ஸிலரேட்டரிலும் வைத்தே பேசுவார்.

உள்ளேயிருந்து பதில் வந்தது. வாயால் இல்லை. தண்ணீர்க் குழாயில் எதையோ வைத்து ஒரு தட்டு. டங். கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று. டங்.

“கேட்டீங்களா வாத்தியாரே? வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும். மகாராணி குழாயைத்தான் தட்டுவாங்க.”

வாத்தியாருக்கு ரோஷம் வந்துவிட்டது. விடுவிடுவென்று இறங்கித் தன் குளியலறைக்குப் போனார். மேல்மாடிக்கு ஏறும் அதே குழாயில் ஒட்டடைக் கம்பால் ஓங்கி இரண்டு போட்டார். டங் டங். மேலே சத்தம் நின்றது. ஜெயித்துவிட்ட முகத்தோடு சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

அந்த நேரத்தில் மூன்றாம் மாடிக் கண்டக்டரம்மா இடுப்பெலும்பு முறிந்து, குளியலறைத் தரையில் கையில் ஒரு எவர்சில்வர் சொம்போடு கிடந்தார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு விஷயத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு மென்று முழுங்குகிற பழக்கம் எனக்குக் கிடையாது. எங்கள் சந்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அன்றைக்கு இது எனக்கும் தெரியாது, அந்தக் கட்டடத்தில் ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. தெரிந்தது பூனைக்கு மட்டும்.

நான் இருப்பது எதிர்க் கட்டடம். எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேராக அவர்களுடைய கட்டடத்தின் முதுகு தெரியும்: குழாய்கள், வெயில் தடுப்புகள், குளியலறை வெண்டிலேட்டர்கள். வறுவலக்காவின் புகைபோக்கி மின்விசிறி எங்களைப் பார்த்துத்தான் எண்ணெய்ப் புகையைத் துப்பும். அதனால் ஜன்னலைச் சாத்திவைத்துக் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பேன். “நீ பார்க்கிற பார்வைக்குக் கண்ணாடி தேய்ஞ்சிடும்” என்பார் என் வீட்டுக்காரர். அந்த மின்விசிறி காலையில் போட்டால் கடை மூடும்வரை உறுமிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. ஒரு பெண்பிள்ளை தொண்டை வறண்டு கத்தினால் எங்கே கேட்கப்போகிறது?

கண்டக்டரம்மாவின் தொண்டை லேசுப்பட்டதும் அல்ல. பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் காட்சி என்று எதுவும் செய்துகொள்ளவில்லை. படிக்கட்டில் தொங்குகிறவனை ஒரே அதட்டலில் உள்ளே ஏற்றிய குரல், ஓய்வுக்குப் பிறகு எங்கள் மேல் திரும்பியது. யார் மாடியில் துணி உலர்த்தலாம், யார் எங்கே வண்டி நிறுத்தலாம், எல்லாவற்றுக்கும் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. வறுவலக்கா பழைய எண்ணெயைக் கழிவுக் குழாயில் ஊற்றி, அது கெட்டிப்பட்டு அடைத்துக்கொண்டு, எல்லார் குளியலறையிலும் தண்ணீர் எதிர்த்து வந்த நாளில் படிக்கட்டில் நடந்ததே ஒரு சண்டை, அதைத்தான் சண்டை என்று சொல்ல வேண்டும்.

“எண்ணெயைக் குழாயில ஊத்தறியே, நாளைக்கு உன் மகள் வழுக்கி விழுந்தா?”

“என் குடும்பத்தை இழுக்காதீங்க. தனிக்கட்டைக்கு என்ன தெரியும் குடும்பத்தைப் பத்தி?”

அது கொஞ்சம் அதிகம்தான். சமாதானம் பண்ணுகிறேன் என்று வாத்தியார் நடுவில் புகுந்து, “அவங்க வாயைக் குறைச்சா எல்லாம் சரியாயிடும்” என்று சொல்லித்தொலைத்தார். கண்டக்டரம்மா இரண்டு பேரையும் பார்த்தார். “சரி. இனிமே இந்தப் படிக்கட்டுல என் குரல் கேட்டுச்சுன்னா செருப்பால அடிங்க” என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப்போனவர்தான். சொன்னால் சொன்னபடி. எதிரில் வந்தாலும் சுவரைப் பார்த்துக்கொண்டு இறங்குவார். வாத்தியார் வீட்டில் டி.வி. அலறினால் மட்டும் சொம்பால் குழாயைத் தட்டுவார். வாத்தியார் ஒட்டடைக் கம்பால் பதில் தட்டுவார். மாதக்கணக்கில் இரண்டு வீட்டுக்கும் இருந்த ஒரே பேச்சுவார்த்தை அதுதான்.

மிச்சமிருந்த பேச்செல்லாம் பூனையோடு. சாம்பல் நிறக் கடுவன், ஒரு காது கிழிந்தது. ஒரு மழை நாளில் பால்கனியில் வந்து ஏறிக்கொண்டு இறங்க மறுத்ததால் அதற்கு டிக்கெட் என்று பேர் வைத்திருந்தார். அந்த இரண்டும் கொஞ்சிக்கொள்கிறதைப் பார்த்தால் புதுசாகக் கல்யாணமானவர்கள் பிச்சை வாங்க வேண்டும். அவர் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் கெண்டைக்காலில் தலையை முட்டி முட்டித் தேய்க்கும். மடியில் ஏறி, வயிற்றை முன்னங்கால்களால் மாவு பிசைகிற மாதிரி பிசையும். பிறகு எதிர்க் கைப்பிடியில் உட்கார்ந்து அவரைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறக்கும். அவரும் மூடித் திறப்பார். பெண் பார்க்க வந்தவர்கள் தோற்றார்கள்.

சீர்வரிசையும் உண்டு. குருவி, பல்லி, சுண்டெலி என்று பிடித்துக்கொண்டு வந்து அவருடைய செருப்புக்குள் வைக்கும். வைத்துவிட்டு, நகராமல் உட்கார்ந்து முகத்தையே பார்க்கும். “எனக்காடா? என் ராஜா! எனக்காடா கொண்டாந்தே?” என்று வாலைப் பிடித்துத் தூக்கி, வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் மென்று தின்பதுபோல் பாசாங்கு பண்ணி, அது திரும்பின நேரத்தில் பின்பக்கம் வீசிவிடுவார். விழுவது எங்கள் சந்தில். கூட்டுவது நான். அதற்கு ஒரு நாளும் தெரியாது, தான் கொண்டுவந்ததை அந்த அம்மாள் தின்னவில்லை என்று.

ஈரத்தரையில் கால் வழுக்கி அவர் விழுந்தது, அந்தக் கோழிக்கால் சண்டைக்கு முந்தின நாளாக இருக்க வேண்டும். பிற்பாடு ஆஸ்பத்திரியில் அவரே சொன்னதை வறுவலக்கா எனக்குச் சொன்னாள். எழுந்திருக்க முடியவில்லை. புரண்டால் உயிர் போகிறது. வாசல் கதவுக்கு உள்ளே இரும்புப் பட்டி போட்டிருக்கிறார். செல்போன் படுக்கையறையில். பழைய விசில் கூடத்து ஆணியில் தொங்குகிறது. படுத்த இடத்திலிருந்து அது கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு எட்டவில்லை. கைக்கு எட்டினது தரையோரத்துக் குழாயும் சொம்பும். தண்ணீர் குடித்தார். கத்திப் பார்த்தார். தொண்டை போனபிறகு தட்டினார்.

டிக்கெட் வருவதற்காக வெண்டிலேட்டரில் ஒரு கண்ணாடிப் பட்டையை எப்போதோ கழற்றிவைத்திருந்தார். அந்தப் பொந்து வழியாகப் பூனை வந்தது. தட்டில் சோறு இல்லை. அம்மாள் எழுந்திருக்கவில்லை. முகத்தை நக்கியது. நெஞ்சின்மேல் ஏறிப் பிசைந்தது. அப்படியும் எழுந்திருக்கவில்லை. அதன் பிறகு வெளியே போனது.

நான் பார்த்தது அதற்குப் பிறகுதான். வாயில் தன் தலையைவிடப் பெரிய கோழிக்காலோடு வெயில் தடுப்புகள்மேல் தாவித் தாவி ஏறுகிறது. கீழே வறுவலக்கா எறிந்த கரண்டி முதுகில் பட்டும் வாயைத் திறக்கவில்லை. வெண்டிலேட்டருக்குள் நுழைந்தது. கொஞ்ச நேரத்தில் வெறும் வாயோடு இறங்கி, சந்தில் சிந்திக்கிடந்த எச்சிலிலையைப் போய் முகர்ந்தது. அடுத்த நாள் மறுபடி கால். வாட்ச்மேனுடைய ரொட்டி. யார் வீட்டுப் பால்கனியிலோ காய்ந்த குழந்தைக் காலுறை. மாடியில் கூடு கட்டியிருந்த புறாக்குஞ்சு. எல்லாம் உள்ளே போயிற்று, எதுவும் வெளியே வரவில்லை. பூனைக்கு மட்டும் விலா தெரிய ஆரம்பித்தது.

வாத்தியார் வீட்டம்மாவிடம் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன்: “அது திங்கறதில்லம்மா. எல்லாத்தையும் உள்ள கொண்டுபோய்க் குடுத்துட்டு வருது.”

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் படிக்கட்டு முழுக்கப் பரவிவிட்டது.

“பழக்கிவெச்சிருக்காங்க! பூனையை வசூலுக்கு அனுப்பறாங்க!”

“கண்டக்டர் இல்லையா, வசூல் பண்ணாமத் தூக்கம் வருமா?”

“அப்போ என் கோழியைத் தின்னுட்டுத்தான் குழாயைத் தட்டறாங்களா? ருசியா இருக்குன்னு தட்டறாங்களோ!”

சொல்லிவிட்டு வறுவலக்காவே சிரித்துவிட்டாள். நானும் நன்றாகத்தான் சிரித்தேன். சிரிக்காமல் இருக்க முடியாத பேச்சு அது. அப்போதும் மூன்றாம் மாடியிலிருந்து டங் என்று ஒன்று விழுந்தது. “பார், பார், நம்மளைப் பத்திப் பேசினா மூக்கு வேர்த்துடும்” என்று வாத்தியார் ஒட்டடைக் கம்பைத் தேடிப் போனார்.

வெளியூரில் வேலை பார்க்கும் தங்கை மகள் ஒருத்தி உண்டு கண்டக்டரம்மாவுக்கு. வாரம் தவறாமல் கூப்பிடுகிறவள். அவள் ஒரு பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொல்ல, பெரியம்மா “கேட்ட கேள்விக்கு நேரா பதில் சொல்லத் தெரியாதவன்கூட எப்படிடி காலந்தள்ளுவே?” என்று ஒரு பிடி பிடித்திருக்கிறார். அந்த வாரமும் அவள் கூப்பிட்டாள், மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. “கோபம் தணிஞ்சதும் கூப்பிடுங்க பெரியம்மா” என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டு இருந்துவிட்டாள். பாவம், அவளை என்ன சொல்வது? கோபக்காரி என்று பேரெடுத்தவள் பேசாமல் இருந்தால் அதற்கு வேறு அர்த்தம் யாருக்குத் தோன்றும்?

கட்டடத்தில் எல்லாரும் கூடி முடிவு செய்தார்கள்: அந்த அம்மாளிடம் பேசிப் பயனில்லை, பூனையை நாடு கடத்த வேண்டும். வறுவலக்கா ஒரு காலைத் துண்டுபோட்டுப் பொறியாகக் கொடுத்தாள். பூனையின் கணக்கே வேறு. தின்பதற்கு நிற்காமல் கவ்விக்கொண்டு ஓடப் பார்த்ததில்தான் சாக்கில் சரியாக விழுந்தது. வாத்தியார் சாக்கைப் பின்சீட்டில் போட்டார். வண்டி ஓட்டினது அன்றைக்குப் பாடம் கற்க வந்த ஒரு பேங்க் பெண். சாக்கு கத்தின கத்தலில் அவள் கியரை மாற்றத் தெரியாமல் பாலத்தின் நடுவில் வண்டியை அணைத்துவிட்டாளாம். “பயப்படாதம்மா, பின்னாடி ஹாரன் அடிக்கறான்னு நினைச்சுக்கோ” என்றாராம் வாத்தியார். பாலத்துக்கு அந்தப் பக்கம், மீன் மார்க்கெட் பின்னால் அவிழ்த்துவிட்டார்கள். மார்க்கெட்டில் விட்டது புண்ணியம் என்று திரும்பி வந்து எல்லாரிடமும் சொன்னார். “ராஜபோகம்! மூணு வேளையும் மீன்!”

பூனை போன அன்று ராத்திரி குழாய்ச் சத்தம் அதிகமாயிற்று. நேரம் காலம் இல்லாமல் விழுந்தது. அப்புறம் விட்டுவிட்டு விழுந்தது. அப்புறம் நின்றுவிட்டது.

“பார்த்தீங்களா? வாலை நறுக்கினதும் ஆட்டம் நின்னுடுச்சு” என்றார் வாத்தியார்.

நின்ற பிறகுதான் நாற்றம் ஆரம்பித்தது. கட்டடத்தின் பின்பக்கம் முழுக்கச் செத்த எலி வாடை. கடைக்கு வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப்போக, வறுவலக்காவுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கண்டக்டரம்மா பழிவாங்குவதற்காகவே குப்பையைப் பின்பக்கம் சேர்த்துவைத்திருக்கிறார் என்று தீர்மானமே பண்ணிவிட்டாள். கதவைத் தட்டினாள். பதில் இல்லை. படிக்கட்டுத் திருப்பத்தில் பின்பக்கம் பார்த்த ஜன்னல் ஒன்று உண்டு. அதிலிருந்து எக்கினால் மூன்றாம் மாடிக் குளியலறை வெண்டிலேட்டர் எட்டும் தூரம்தான். காது கிழிய நாலு வார்த்தை அந்தப் பொந்து வழியாகவே கேட்டுவிடுகிறேன் என்று கடை ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். வாத்தியார் வீட்டம்மா அவள் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, பாதி உடம்பை வெளியே நீட்டினாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏய், உனக்கு மானம் ரோஷம்...” என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றாள். அவளை அப்படி நான் பார்த்ததே கிடையாது.

பிறகு அவள் போட்ட கூச்சலில் மின்விசிறிச் சத்தமே அமுங்கிப்போயிற்று.

வாத்தியார் காரிலிருந்த கடப்பாரையைக் கொண்டுவந்துதான் கதவைப் பெயர்த்தார்கள். கண்டக்டரம்மாவுக்கு உயிர் இருந்தது. கண் மட்டும் அசைந்தது. முதுகுத் தோல் தரையோடு ஒட்டியிருந்தது, அதற்கு மேல் நான் எழுத மாட்டேன். தலைமாட்டில் கோழி எலும்புகள், சுத்தமாகக் கடித்துத் துடைத்தவை. அதற்குப் பக்கத்தில் ரொட்டியின் ஓரம். தொடாமல் விட்ட புறாக்குஞ்சு, இரண்டு சுண்டெலி, நாற்றம் அதிலிருந்தும்தான். குழந்தைக் காலுறையை ஏதோ கைக்குட்டை மாதிரி உள்ளங்கையில் சுருட்டிவைத்திருந்தார். சேலையில், நெஞ்சுக்கு மேல், சாம்பல் நிற முடி வட்டமாகப் படிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் வறுவலக்காதான் கூட இருந்தாள். கடையைச் சாத்திவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டாள். யாரும் போகச் சொல்லவில்லை. ஒரு நாள் மத்தியானம் கண்டக்டரம்மா கண்ணைத் திறந்து இவளைப் பார்த்தார். மாதக்கணக்கான மௌனத்துக்குப் பிறகு முதல் வார்த்தை.

“உன் வறுவல்ல உப்பு ஜாஸ்தி.”

வறுவலக்கா அழுதாளாம். சிரித்தாளாம். இரண்டும் சேர்ந்து வந்ததாம்.

“குறைச்சுடறேன்க்கா.”

“கீழ் வீட்டு ஆளுக்கு ஒண்ணு சொல்லு. நான் வண்டியை நிறுத்துங்கன்னு ஒரு தட்டு தட்டறேன். அந்த ஆள் ரெண்டு தட்டு தட்டி, ரைட் ரைட்டுன்னு போயிட்டே இருக்கான்.”

பார்க்க வந்த வாத்தியார் இதைக் கேட்டு வார்டு வாசலிலேயே நின்றுவிட்டார், உள்ளே வரவில்லை.

அதன் பிறகு கண்டக்டரம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“டிக்கெட் எங்க?”

“வீட்ல இருக்குக்கா. நான்தான் சோறு வைக்கறேன்.”

“அடிச்சுடாத. அது திருட்டுப் பூனை இல்ல. எனக்குத்தான் கொண்டாந்துச்சு. கொண்டாந்து வெச்சுட்டு, நான் திங்கறேனான்னு முகத்தையே பார்த்துட்டு உக்காந்திருக்கும். பாதியைப் பிச்சுக் குடுத்தாக்கூட வாங்காது, ரெண்டு நக்கு நக்கிட்டு என் பக்கமே தள்ளும்.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். “கடைசி ரெண்டு நாளா வரல. கோவிச்சுக்கிச்சுன்னு நினைச்சேன். புறாவை நான் திங்கலையேன்னு.”

“கோபமெல்லாம் இல்லக்கா. நல்லாத்தான் இருக்கு.”

“நாளைக்குக் கூட்டிட்டு வா. ஜன்னல் வழியாக் காட்டினாப் போதும்.”

வறுவலக்கா வெளியே வந்து வாத்தியாரின் சட்டையைப் பிடித்தாள். அங்கேயிருந்து அப்படியே அவர் மார்க்கெட்டுக்குப் போனார். மீன் கூடைகளுக்கு நடுவில், ஐஸ் தண்ணீரில் கால் நனைய, “டிக்கெட்! டிக்கெட்!” என்று கூவிக்கொண்டே போனார். பஸ் கிளம்பப்போகிறது என்று இரண்டு பேர் மூட்டையோடு அவர் பின்னால் ஓடிவந்தார்களாம். சாம்பல் பூனைகள் அங்கே நிறைய இருந்தன. கிழிந்த காது எதற்கும் இல்லை.

கடைசியில் வேறு ஒரு பூனையைப் பிடித்து, காதை மறைத்துக் கூடையில் வைத்து, வார்டு ஜன்னல் வரைக்கும் கொண்டுபோனார்கள். கண்டக்டரம்மா அதைப் பார்த்தார். மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தார். பூனை விழித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு தரம் மூடித் திறந்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். படிக்கட்டில் எதிரில் வந்தவர்களைப் பார்த்து அவர் திருப்புவாரே, அதே திருப்பு. நுரையீரலில் சளி கட்டியது என்றார் டாக்டர். மூன்றாம் மாடிக்கு அவர் திரும்பி வரவில்லை.

தங்கை மகள் வந்து காரியங்களை முடித்தாள். படிக்கட்டில் நின்று அழுதாளே தவிர, யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டிருந்தால் தேவலை. விசிலை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். பிறகு அதே பையனைக் கல்யாணம் செய்துகொண்டு கடல் தாண்டிப் போய்விட்டாள். நேராகப் பதில் சொல்கிறானா என்று எனக்குத் தகவல் இல்லை. அந்த வீட்டுக்குப் புதுசாகக் குடிவந்த சோடிக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. அவர்கள் வந்ததும் முதல் வேலையாக வெண்டிலேட்டரில் விட்டுப்போயிருந்த கண்ணாடிப் பட்டையைப் போட்டுக்கொண்டார்கள்.

வறுவலக்கா கடையைப் பெரிய தெருவுக்கு மாற்றிவிட்டாள். இப்போது வறுவலில் உப்பே இல்லை, வியாபாரம் சுமார்தான். அவளுடைய மகள் ஒரு குழாய் ரிப்பேர்காரனைக் கட்டிக்கொண்டு அதே தெருவில் இருக்கிறாள்.

வாத்தியாரிடம் கார் கற்றவர்களுக்கெல்லாம் பாலத்தைத் தாண்டி மார்க்கெட்டுக்குப் போகிற வழி மட்டும்தான் ஓட்டத் தெரியும் என்று ஒரு பேச்சு உண்டு. அங்கே ஒருத்தியை வைத்திருக்கிறார் என்று அவர் வீட்டம்மாவே கொஞ்ச நாள் சந்தேகப்பட்டாள். போன வருஷம் அவர்களும் வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். மகளைக் கட்டிக்கொடுத்த இடம் பக்கம் என்பதால் போகிறோம் என்றார்கள். மகளைக் கொடுத்தது ஊரின் மறுகோடியில். இவர்கள் குடிபோயிருப்பது மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், தரைத்தளம். நான் ஒரு தரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். குளியலறை வெண்டிலேட்டரில் ஒரு கண்ணாடிப் பட்டையைக் கழற்றிவைத்திருக்கிறார்.